ஒன்பது அட்டைகளும் ஒரு கதவடைப்பும்

அந்த இலையுதிர்காலம் முழுவதும் என் கணவர் வேலையால் வந்ததும், சப்பாத்தைக் கழற்ற முன்னரே ஐஸ் ஹொக்கி வீரர்களைத் திட்டத் தொடங்கிவிடுவார். வாழ்நாளில் ஒருமுறைகூடச் சறுக்குச் சப்பாத்துப் போட்டவரல்ல. எங்கள் தொடர்மாடிக்கு முன்னாலுள்ள உறைந்த நடைபாதையிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர். ஆனால் ஒரு வீரனுக்கு எவ்வளவு கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கக்கூடாது என்பது மொன்றியலில் அவர் ஒருவருக்குத்தான் சரியாகத் தெரிந்திருந்தது.

"கோடி கோடியா வாங்கிறாங்கள். இன்னும் காணாதாம். ஸ்ட்ரைக் அடிக்கிறாங்கள்."

"ஸ்ட்ரைக் இல்லை. பூட்டினது முதலாளிமார்."

"உமக்கென்ன தெரியும்?"

எனக்குத் தெரிந்திருந்தது. பழைய ஒப்பந்தம் முடிந்ததும், வருமானத்தில் வீரர்களுக்குப் போகும் பங்கைக் குறைக்க வேண்டும் என்று அணிகளின் முதலாளிகள் கேட்டார்கள். வீரர்களின் சங்கம் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், நாங்கள் விளையாடுகிறோம் என்றது. முதலாளிகள் கதவைப் பூட்டிவிட்டார்கள். வேலைக்கு வந்தவனை வாசலில் மறிப்பதற்குத் தமிழில் கதவடைப்பு என்று நல்ல சொல் இருக்கிறது. என் கணவருக்கு அந்தச் சொல் தேவைப்படவில்லை. சண்டை என்றால் சம்பளம் வாங்குகிறவன்தான் தொடங்கியிருப்பான் என்பது அவருடைய முடிவு. பதினான்கு வருடம் சென்ட் லோரன்டில் ஒரு பொருட்கிடங்கில் பெட்டி தூக்கி, இடுப்பில் பட்டி கட்டிக்கொண்டு படுக்கிற மனிதர், தான் கண்ணாலும் கண்டிராத முதலாளிகளுக்காக வயிறெரிந்தார். அவர்களுடைய லாபம் குறைந்துபோகுமே என்று கவலைப்பட்டார். அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுக்கும்போது எனக்கு வந்த எரிச்சலை நான் சீனியில்தான் காட்டினேன். சீனி போடாமலே கொடுத்தேன். அவர் அதைக் கவனிக்கவுமில்லை.

எனக்குத் தெரிந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த வீரர்களின் பெயர்களை நான்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

சென்ட் லோரன்டில், விமான உதிரிப்பாகம் செய்கிற ஒரு பெரிய கட்டடத்துக்குப் பின்னால், ஜேர்சிகளில் பெயரும் இலக்கமும் தைக்கிற சின்னத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. நாங்கள் முப்பத்தொரு பேர். அதில் பாதிக்கு மேல் தமிழ்ப் பெண்கள். மற்றவர்கள் ஹெயிட்டிக்காரர், ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். வெற்று ஜேர்சி பெட்டி பெட்டியாக வரும். கெட்டித் துணியில் வெட்டிய எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு நிறத்தில் அடுக்கி, முதுகில் சாய்வில்லாமல் வைத்து, ஓரத்தைச் சுற்றி நெருக்கமாகத் தைக்க வேண்டும். ஒரு எழுத்து நூலளவு சரிந்தாலும் திரும்பி வரும்.

சம்பளம் ஜேர்சிக் கணக்கு. எழுத்துக் கணக்கு அல்ல. அதாவது மூன்றெழுத்துப் பெயர்க்காரனுக்கும் பன்னிரண்டு எழுத்துப் பெயர்க்காரனுக்கும் எங்களுக்கு ஒரே காசு. அதனால் எங்களிடம் வேறொரு ரசிகர் கூட்டம் இருந்தது. யார் எத்தனை கோல் அடித்தான் என்று எங்களுக்குத் தெரியாது. சின்னப் பெயர்க்காரன் நன்றாக விளையாட வேண்டும், அவனுடைய ஜேர்சி நன்றாக விற்க வேண்டும் என்று சாமி கும்பிடாத குறை. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து நீளப் பெயரோடு ஒருவன் வந்து கோல் போடத் தொடங்கினால், எங்கள் வரிசையில் அவனைச் சபிக்காதவர் இல்லை. ஒருவனை இன்னொரு அணிக்கு விற்றுவிட்டால் விற்காத ஜேர்சியெல்லாம் திரும்பி வரும். பெயரைப் பிரித்தெடுக்க வேண்டும். பிரிப்பதற்குக் காசில்லை. அவனுக்குக் கோடிகள் மாறும். எங்களுக்கு நகக்கண் கிழியும்.

வீரர்கள்மேல் எனக்குப் பாசம் பொங்கியது என்று யாரும் நினைக்க வேண்டாம். கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு ஒலிவாங்கிகளுக்கு முன்னால் நின்று, எங்கள் குடும்பங்களின் எதிர்காலம் என்று முகத்தைத் தொங்கப்போட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பெரிய பெயர்க்காரர்கள் சிலர் கதவு பூட்டியதும் விமானம் ஏறி ஐரோப்பாவுக்குப் போய், அங்கே யாரோ ஒரு சாதாரண விளையாட்டுக்காரனின் இடத்தைப் பிடித்துக்கொண்டு விளையாடினார்கள். அந்த மனிதனுடைய குடும்பத்துக்கு எதிர்காலம் வேண்டாம் போலிருக்கிறது. மெட்ரோ வாசலில் தருகிற இலவசப் பத்திரிகையில், வெளியூர்ப் பயணத்தில் ஆளுக்கொரு தனி அறை வேண்டும் என்பதுகூடப் பேச்சுவார்த்தையில் இருப்பதாக வாசித்தேன். எங்கள் தொழிற்சாலையில் எழுத்தில் இருந்தது ஒரேயொரு தாள்தான். கழிவறைக் கதவில் ஒட்டியிருந்தது, ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மூலை வாங்கில் உட்கார்ந்திருக்கிறவனும் முதல் ஆட்டக்காரனும் ஒரே பக்கம் நின்றார்கள். ஒருவனைத் தனியே கூப்பிட்டுப் பேசிச் சரிக்கட்ட முதலாளிகளால் முடியவில்லை. அது என் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

கதவடைத்து மூன்றாம் கிழமை எங்கள் முதலாளி சாப்பாட்டு அறைக்கு வந்தார். அவர் அங்கே வருவது நத்தார் பண்டிகைக்கு மட்டும். அவர் இங்கிலீஷில் பேச, எங்கள் சூப்பர்வைசர் தமிழாக்கினார். சூப்பர்வைசர் யாழ்ப்பாணத்தவர். எல்லோருக்கும் அண்ணை. புரோசார்டில் வீடு வாங்கியிருந்தார். ஹொக்கி அணி பயிற்சி எடுக்கிற இடம் தன் வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் என்பதை அவர் பேச்சில் நுழைக்காத நாளில்லை. அவருடைய வளவுக்குள்தான் பயிற்சி எடுக்கிறார்கள் என்று நினைத்துவிடுவீர்கள்.

"முதலாளி என்ன சொல்லுறார் எண்டா, விளையாட்டுக்காரற்ற பேராசையால ஓடர் நிண்டு போச்சு. அவருக்கு மனவருத்தம். இனிக் கிழமைக்கு மூண்டு நாள்தான் வேலை. ஆராருக்கு வேலை எண்டு வெள்ளிக்கிழமை கதவில லிஸ்ட் ஒட்டுவம். டக்கோர், சரிதானே?"

முதலாளி மனவருத்தம் என்று சொன்னதாக நான் கேட்கவில்லை. அது அண்ணை தன் கையிலிருந்து போட்டது. எங்கள் பெண்கள் தலையை ஆட்டினார்கள். சிலர் "மெர்சி" என்றுகூடச் சொன்னார்கள். வேலையைப் பாதியாய்க் குறைத்தவனுக்கு நன்றி சொன்ன அந்தக் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

முதல் வெள்ளிக்கிழமைப் பட்டியலிலேயே மட்டக்களப்பு அக்காவின் பெயர் இல்லை.

அவரை அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்லுவார்கள். தொழிற்சாலை தொடங்கிய வருடத்திலிருந்து இருந்தவர். வயது ஐம்பத்தொன்பது. வலது மணிக்கட்டு வீங்கியிருக்கும், அதற்குமேல் ஒரு பட்டி. நாங்கள் பத்து முடிக்கிற நேரத்தில் அவர் ஆறு முடிப்பார். ஆனால் அவருடைய ஆறில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. தனியாள். தொழிற்சாலையிலிருந்து இரண்டு பஸ் தரிப்புத் தள்ளி ஓர் ஒற்றை அறையில் இருந்தார். ஓய்வூதியம் வருகிற வயதுக்கு இன்னும் ஆறு வருடம். அந்தக் கையோடும் வயதோடும், பிரெஞ்சில் "பொன்ஜூர்" தாண்டாத வாயோடும் வேறெந்தத் தொழிற்சாலையும் அவரை எடுக்காது. இது எங்களுக்கும் தெரியும், பட்டியல் எழுதுகிற சூப்பர்வைசருக்கும் தெரியும்.

"அண்ணை, அக்கா எல்லாருக்கும் முந்தி வந்தவ. அவவின்ர பேர் ஏன் இல்லை?"

"தங்கச்சி, இது பள்ளிக்கூட இடாப்பே? முதலாளி வேகத்தைப் பாக்கிறார். அடுத்த கிழமை பாப்பம்."

அடுத்த கிழமை அக்காவுக்கு ஒரு நாள் கிடைத்தது. அதற்கடுத்த கிழமை இல்லை. முந்தி வந்தவருக்கு முதல் வேலை என்று ஒரு விதி எழுத்தில் இருந்தால் சூப்பர்வைசர் அண்ணையின் பேனாவுக்கு வேலையில்லை. கோடி வாங்குகிறவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, அவர்களின் பெயரைத் தைக்கிறவர்களுக்கு இல்லை. ஒரு வேலையில்லாத வியாழக்கிழமை நான் ஒரு தொழிற்சங்க அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். கணவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் எங்கள் முதலாளிக்காகவும் வயிறெரியத் தொடங்கியிருப்பார்.

சங்கத்திலிருந்து வந்தவர் ஒரு கியூபெக்காரப் பெண். நரைத்த முடி, பெரிய குளிர்ச்சட்டை. டோனட் கடை ஒன்றில் இருந்து பேசினோம். விஷயம் எளிது என்றார். முப்பத்தொரு பேரில் பாதிக்கு மேல் சங்கத்தில் சேருகிற அட்டையில் கையெழுத்துப் போட்டால், பதினாறு பேர், வாக்கெடுப்புக்கூட இல்லாமல் சங்கம் வந்துவிடும். யார் போட்டது என்று முதலாளிக்குத் தெரிய வராது. பிறகு முதல் ஒப்பந்தத்திலேயே வேலைக்கு அழைக்கிற ஒழுங்கை எழுதிவிடலாம்.

"ஒரு நிபந்தனை," என்றார். "ஒவ்வொருவரும் குறைந்தது இரண்டு டொலர் கட்ட வேண்டும். தன் கைக்காசு. வேறொருவர் கட்டினால் அந்த அட்டை செல்லாது. சட்டம் அப்படி."

நான் தலையாட்டினேன். அவர் இன்னொரு முறையும் சொன்னார். இன்னொரு முறையும் தலையாட்டினேன். மனதுக்குள் அந்தச் சட்டத்தை எழுதியவனை நினைத்து இகழ்ச்சியாகச் சிரித்தேன். இரண்டு டொலர்! ஒரு கோப்பிக்கும் காணாத காசை யார் பையிலிருந்து எடுத்தது என்று ஆராய்கிற அரசாங்கம். வேறு வேலையில்லை என்று நினைத்தேன். அட்டைக் கட்டை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு கிழமையில் பத்துப் பேர் போட்டார்கள். என்னையும் சேர்த்துத்தான். பெரும்பாலும் ஹெயிட்டிக்காரரும் ஸ்பானிஷ்காரரும். அவர்களோடு பட்ட பாடு கொஞ்சமல்ல. சங்கம் வந்தால் சந்தா எவ்வளவு, முதலாளி தொழிற்சாலையை மூடினால் என்ன, வேலைநிறுத்தம் என்றால் யார் முடிவெடுப்பது, அட்டையின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது. ஒருத்தி மூன்று நாள் யோசித்துவிட்டு வந்தாள். பிறகு தன் பேர்சைத் திறந்து இரண்டு டொலர் நாணயத்தை எடுத்து மேசையில் வைத்தாள், ஏதோ நிலம் வாங்குகிறவள் மாதிரி. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பெரிய யோசனையா என்று எனக்கு அவர்கள்மேல் இளக்காரமாக இருந்தது. எங்கள் ஆட்கள் இப்படியெல்லாம் குடையமாட்டார்கள் என்று பெருமையாகவும் இருந்தது.

இன்னும் ஆறு பேர் வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வேலை செய்கிற ஒருத்தியின் மகளுக்குச் சாமத்திய வீடு, பிள்ளை பெரியவளான கொண்டாட்டம். தொழிற்சாலைத் தமிழ்ப் பெண்கள் எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள். அட்டைக் கட்டை நான் அங்கே கொண்டுபோனேன். தொழிற்சங்க அட்டைக்குக் கையெழுத்து வாங்க உலகத்தில் வேறெந்த இனமாவது சாமத்திய வீட்டுக்குப் போயிருக்குமா என்று எனக்குத் தெரியாது.

கிழமைக்கு மூன்று நாள் வேலை என்று அழுகிறவர்களின் கொண்டாட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிள்ளையைப் பல்லக்கில் தூக்கி வந்தார்கள். புகை விட்டார்கள். தலைக்குமேல் ஒரு படக்கருவி ஈ மாதிரிப் பறந்து, பிள்ளையின் தலைப்பூவில் சிக்கப் பார்த்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளை, தன் வகுப்புத் தோழிகள் யாரும் இதைப் பார்த்துவிடக்கூடாது என்ற பயத்தோடு பிரெஞ்சில் தாயைக் கெஞ்சிக்கொண்டிருந்தது. மேடைக்குப் பக்கத்தில் முதல் மேசையில் சூப்பர்வைசர் அண்ணை, குடும்பத்தோடு. அவருக்கென்று தனியாக வடைத் தட்டு. அவர் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது மட்டும்தான் அன்றைக்கு அவர் எனக்குச் செய்த உதவி.

சாப்பாட்டு வரிசைக்குப் பின்னால், குளிர்ச்சட்டைகள் தொங்கவிட்டிருந்த இடுக்கில் நான் அட்டைகளை எடுத்தேன். ஒருத்தி மாறி ஒருத்தியாக வந்தார்கள். காஞ்சிபுரம் சேலை, நகை, கையில் பேனா.

"என்னக்கா இது?"

"சங்கம். வேலையை ஒழுங்காத் தர வைக்கிறதுக்கு. இஞ்ச ஒரு கையெழுத்து வையும்."

"ஓம், தாங்கோ."

அவ்வளவுதான். ஒருத்தியும் பின்பக்கத்தைத் திருப்பவில்லை. ஒரு கேள்வியில்லை. அரைமணி நேரத்தில் ஒன்பது அட்டை. மட்டக்களப்பு அக்காவும் வந்தார். பட்டி கட்டிய கையால் மெதுவாக, எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

இரண்டு டொலர் என்றதும் எல்லோரும் தடுமாறினார்கள். சேலையோடு கைப்பை கொண்டுவந்தவர்கள் குறைவு. கொண்டுவந்தவர்களும் கையிலிருந்த காசையெல்லாம் என்வலப்பில் போட்டு மேடையில் கொடுத்துவிட்டார்கள். "மனுசனிட்ட வாங்கிக்கொண்டு வாறன்" என்று ஒருத்தி புறப்பட்டாள். மனுசன் சூப்பர்வைசரின் மேசையில் இருந்தார்.

"விடும், விடும்," என்றேன். "இரண்டு டொலருக்கு ஆரும் மனுசனிட்டப் போவினமே? நான் போடுறன்."

அப்படிச் சொல்லும்போது எனக்கு ஒரு குளிர்ச்சி இருந்தது. கோப்பிக் கடையில் கல்லாவுக்கு முன்னால் ஒருவர் கையை ஒருவர் தட்டிவிட்டு, நான் கொடுக்கிறேன், நான் கொடுக்கிறேன் என்று மல்லுக்கட்டுகிற பரம்பரை. வெல்கிறவருக்கு ஒரு மிதப்பு வரும். அது எனக்கு ஒன்பது தரம் வந்தது. கைக்காசு என்ற நிபந்தனையை நான் ஒருத்திக்கும் மொழிபெயர்க்கவில்லை. மறக்கவில்லை. சொல்லத் தகுந்த விஷயமாக அது எனக்குப் படவில்லை.

பத்தும் ஒன்பதும் பத்தொன்பது. சங்கக்காரப் பெண் என்னைக் கட்டிப்பிடித்தார். விண்ணப்பம் போனது. அதன் பிரதி ஒன்று முதலாளிக்கும் போனது, கையெழுத்துப் போட்டவர்களின் பெயர் இல்லாமல். சில கிழமைகளில் அரசாங்கத்தின் தொழில் அலுவலர் ஒருவர் அட்டை போட்டவர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துச் சரிபார்த்தார். தமிழ் மொழிபெயர்ப்பாளரும் கூடவே இருந்தாராம்.

இது எனக்குத் தெரிய வந்தது, சாமத்திய வீட்டுக்காரி உற்சாகமாக எனக்கு எடுத்த அழைப்பால்தான்.

"அக்கா, கவுண்மேந்தில இருந்து எடுத்தவை. உங்களைப் பற்றி நல்லாச் சொன்னனான்."

"என்ன சொன்னனீர்?"

"இரண்டு டொலர் ஆர் கட்டினது எண்டு கேட்டினம். எங்களை ஒரு சதம் எடுக்க விடேல்லை, முழுக்க அக்காதான் கட்டினவ, அவவுக்கு அவ்வளவு பெரிய மனம் எண்டு சொன்னனான். மற்றவையும் அப்பிடித்தான் சொன்னவையாம்."

நான் தொலைபேசியை வைத்தேன். அந்தப் பெண்களின்மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சேலையின் விலையைப் பற்றிப் பொய் சொல்கிறவர்கள். காய்ச்சல் என்று பொய் சொல்லிக் கோயில் தேருக்குப் போகிறவர்கள். புருசனின் சம்பளத்தை ஊருக்கு இரண்டு மடங்காக்கிச் சொல்கிறவர்கள். வாழ்க்கையில் ஒரேயொரு பொய் பயன்படுகிற இடத்தில் ஒன்பது பேரும் அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளைகளாகிவிட்டார்கள். என்னைப் புகழ்கிற ஆசையில் என் வேலையைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டார்கள். அன்றைக்கு நான் அப்படித்தான் நினைத்தேன்.

ஒன்பது அட்டையும் செல்லாது என்றார்கள். மிஞ்சியது பத்து. முப்பத்தொரு பேரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. விண்ணப்பம் தள்ளுபடியானது. சங்கக்காரப் பெண் அதே டோனட் கடையில் எனக்கு முன்னால் இருந்தார்.

"நீ அவர்களுக்குச் சொல்லவில்லையா?" என்று மட்டும் கேட்டார்.

மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் போடலாம் என்றார். அவர் குரலில் கோபமில்லாதது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. போகும்போது தன் கோப்பிக்குத் தானே காசு கொடுத்தார். நான் கையை நீட்டவில்லை.

தைப்பொங்கலுக்கு முன்னரே முதலாளிகளும் வீரர்களும் ஒரு விடியலில் கைகுலுக்கிவிட்டார்கள். பங்கு கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம். இரண்டு பக்கமும் வென்றதாகச் சொன்னார்கள். இனி ஹொக்கியே பார்க்கமாட்டோம் என்று சபதம் போட்ட நகரம் முதல் ஆட்டத்துக்கே பனியில் வரிசையில் நின்றது. என் கணவர் மூன்று மாதம் திட்டிய அதே வீரனின் ஜேர்சியை வாங்கிக்கொண்டு வந்து, வயிற்றில் இறுகி நிற்கிற அந்தத் துணியோடு தொலைக்காட்சிக்கு முன்னால் எழும்பிக் கூத்தாடினார். அதில் அந்தப் பெயரைத் தைத்தது யார் என்று கேட்டேன். "இப்ப கதையாதையும், கோல் விழப்போகுது," என்றார்.

எங்களுக்கு ஓடர் கொட்டியது. கிழமைக்கு ஆறு நாள், ஓவர்டைம். வெள்ளிக்கிழமைப் பட்டியல் நீண்டு இரண்டாம் தாளுக்குப் போனது. புதிதாக மூன்று பேரை எடுத்தார்கள். மட்டக்களப்பு அக்காவின் பெயர் மட்டும் இரண்டு தாளிலும் இல்லை.

"அவவுக்குக் கை ஏலாது, தங்கச்சி," என்றார் சூப்பர்வைசர். "நான் என்ன செய்ய? முதலாளியின்ர முடிவு."

மூன்று மாதம் முடிந்ததும் நான் புதிய அட்டைக் கட்டோடு சுற்றினேன். இம்முறை நிபந்தனையைத் தெளிவாகச் சொன்னேன். இம்முறை அவர்களுக்குக் கேள்விகளும் இருந்தன. "இப்ப ஓவர்டைம் கிடக்குதெல்லோ அக்கா, பேந்து பாப்பம்," என்றார்கள். சாமத்திய வீட்டுக் கடன் இருக்கிறது என்றாள் ஒருத்தி. சூப்பர்வைசர் வெளியே போயிருந்த ஒரு நாள் நான் அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். முதுகெலும்பில்லாத கூட்டம் என்றேன். கோடீஸ்வரன்கூட ஒருத்தனையொருத்தன் விட்டுக்கொடுக்காமல் நின்றான், உங்களுக்கு அதுகூடத் தெரியாது என்றேன். அவர்கள் மெசினைப் பார்த்துக் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். அதையும் அவர்களின் கோழைத்தனத்தின் கணக்கில் சேர்த்தேன்.

ஒரு ஞாயிறு பின்னேரம் அக்காவின் அறைக்குப் போனேன். குறைந்தது அவராவது திரும்பக் கையெழுத்துப் போடவேண்டும், நியாயம் கேட்க அவருடைய பெயர் வேண்டும் என்று நினைத்தேன். பாணும் சம்பலும் தந்தார். பட்டியைக் கழற்றியிருந்தார். மணிக்கட்டு முன்பைவிடக் கொஞ்சம் வீக்கம் வற்றியிருந்தது. நான் சட்டத்தையும், ஒழுங்கையும், முந்தி வந்தவருக்கு முதல் வேலை என்பதையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு இது இண்டைக்கும் விளங்கல்ல புள்ள," என்றார். "அண்டைக்கு நீ அட்டையை நீட்டினாய். போட்டன்."

"என்னெண்டு கேட்டிருக்கலாமே அக்கா?"

"நீ கேட்டு நான் ஏன் எண்டு கேப்பனா?"

எனக்கு எரிச்சல் வந்தது. இதுதான், இதுதான் உங்கள் எல்லோரிடமும் உள்ள வியாதி என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பாணைப் பிய்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

"சூப்பர்வைசர் தம்பி வந்தவர், தைப்பொங்கல் முடிஞ்ச கையோட. இந்தக் கதிரையிலதான் இருந்தவர். அட்டை கொண்டு திரிஞ்சது ஆர் எண்டு மட்டும் சொல்லுங்க, வெள்ளிக்கிழமை லிஸ்டில முதல் பேர் உங்கட பேர் எண்டார். மூணு தரம் கேட்டார்."

"நீங்கள்?"

"எனக்குத் தெரியா எண்டன். கவுமேந்துக்குப் பொய் சொல்லப் பயம். இவருக்குச் சொல்ல என்ன பயம்?"

அக்கா இன்னொரு துண்டு பாணை என் தட்டில் வைத்தார்.

"என்னட்ட மட்டும் இல்ல புள்ள. எங்கட ஆக்கள் எல்லாரிட்டயும் போனவராம். அந்தச் சாமத்திய வீடு செஞ்ச புள்ளைக்கு ஓவர்டைமை வெட்டுவன் எண்டும் சொல்லிப்போட்டுப் போனவராம். ஒருத்தரும் உன்ர பேரைச் சொல்லல்ல. உனக்கு ஒருத்தரும் சொல்லல்லயா?"

ஒருத்தரும் சொல்லவில்லை. நான் அவர்களை முதுகெலும்பில்லாதவர்கள் என்று திட்டியபோதுகூட ஒருத்தியும் சொல்லவில்லை. அத்தனை வெள்ளிக்கிழமையும் என் பெயர் பட்டியலில் இருந்தது என் கைவேகத்தால் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ பேரை நான் கேவலமாக நினைத்திருக்கிறேன். அந்தப் பின்னேரம் அந்த அறையில் என்னைவிடக் கேவலமான ஆளாக எனக்கு ஒருவரும் தெரியவில்லை.

"சாப்பிடு புள்ள, பாண் காயுது," என்றார் அக்கா.

சாப்பிட்டேன். சூப்பர்வைசரிடம் போய் அட்டை கொண்டு திரிந்தது நான்தான் என்று சொன்னால், அவர் அக்காவின் பெயரைப் பட்டியலில் போடக்கூடும். பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழி முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டு வாடகை நினைவுக்கு வந்தது, கணவரின் இடுப்பு நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். சூப்பர்வைசர் அண்ணை வாசலில் நின்றார். நான் "பொன்ஜூர் அண்ணை" என்று சொல்லிவிட்டு மெசினுக்குப் போய் உட்கார்ந்தேன்.